வாளியில் இட்ட துளைகள்

2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிகோப்ரூ என்ற நிறுவனம் நொடித்துப்போனது. வீட்டில் பியர் காய்ச்சுவதற்கான எந்திரங்களைச் செய்து விற்ற நிறுவனம் அது. 2013இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டித் தன் முதல் எந்திரத்தைக் கொண்டுவந்தது. அடுத்து வந்த சிறிய எந்திரத்தைச் சமையலறை மேடையிலேயே வைத்துக்கொள்ளலாம். மால்ட்டும் ஹாப்ஸும் அடைத்த பெட்டியை அதனுள் செருகினால் போதும். பெட்டியில் இருக்கும் குறியைப் படித்து, இணையம் வழியாக நிறுவனத்தின் கணினியோடு பேசி, எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் என்ற செய்முறையைப் பெற்றுக்கொண்டு, மீதி வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். நிறுவனம் கைமாறும் நிலைக்கு வந்தபோது, எந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் முன் ஒரு கேள்வி எழுந்தது. எங்கோ இருக்கும் அந்தக் கணினி அணைந்துபோனால், நம் மேடையில் இருக்கும் இந்தப் பாத்திரம் எதற்கு ஆகும்?

அவர்களில் கணினி அறிந்த சிலர் ஒரு காரியம் செய்தனர். எந்திரம் நிறுவனத்தோடு பேசிக்கொண்டிருந்த மொழியை ஒட்டுக்கேட்டு, அதே மொழியில் விடைசொல்லும் நிரலை எழுதி, உள்ளங்கை அளவேயான ராஸ்பெரி பை கணினியில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டனர். ஆக, எதையும் தாமே செய்ய வேண்டாம் என்பதற்காக வாங்கிய எந்திரத்தை ஓடவைக்க, அதற்கான மூளையைத் தாமே செய்ய வேண்டியதாயிற்று.

பியர் காய்ச்சும் கருவிகளைப் பற்றி ஓர் இலக்கியப் பக்கத்தில் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கருவியையும் அறிவையும் பிரிக்கலாமா என்பது பற்றி எழுத இருக்கிறது என்பதே எங்கள் பதில். வீட்டில் பியர் காய்ச்சுபவர்கள் தங்கள் கருவிகளைத் தாங்களே செய்துகொண்ட வரலாற்றைச் சிக்கனத்தின் கதையாகவும் பொழுதுபோக்கின் கதையாகவும்தான் இதுவரை எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கருவிகளைச் செய்ததன் வழியாகவே அவர்கள் அந்தத் தொழிலைக் கற்றார்கள். கருவி கடையில் கிடைக்கத் தொடங்கியபோது கைவிட்டுப் போனது அந்தக் கற்றல்.

விஷயத்துக்குள் நுழையுமுன் பியர் எப்படி உருவாகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பார்லியை நனைத்து முளைக்கவிட்டு, முளை நீளுமுன் உலர்த்தினால் கிடைப்பது மால்ட். அதை உடைத்து, ஏறத்தாழ 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணிநேரம் ஊறவிட்டால், முளைக்கும்போது தானியத்தில் பெருகிய நொதியங்கள் அதிலுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும். இந்த ஊறலிலிருந்து இனிப்புச் சாற்றை வடித்தெடுத்து, ஹாப்ஸ் சேர்த்து ஒரு மணிநேரம் கொதிக்கவிட்டு, விரைவாக ஆறவைத்து, ஈஸ்ட் இட்டு மூடிவைத்தால், ஒன்றிரண்டு வாரத்தில் பியர். ஊறல், வடிப்பு, கொதிப்பு, ஆற்றல், நொதிப்பு என்று ஐந்து படிகள். ஒவ்வொரு படிக்கும் ஒரு பாத்திரம் வேண்டும். அந்தப் பாத்திரம் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தானியமும் வெப்பமும் ஈஸ்ட்டும் தீர்மானிக்கின்றன.

ஊறல் என்ற சொல்லைப் படித்ததும் நம் வாசகர்களில் பலருக்கும் நாளிதழ்களின் ‘சாராய ஊறல் அழிப்பு’ச் செய்திகள் நினைவுக்கு வந்திருக்கும். நல்ல சொல் அது. காவல்துறைச் செய்திக்குறிப்புகளுக்கு மட்டும் அதை விட்டுக்கொடுக்க எங்களுக்கு மனமில்லை.

ஊறல் பாத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு மணிநேரம் வெப்பம் குறையாமல் இருக்க வேண்டும் என்பது அதன் முதல் தேவை. சில டிகிரி ஏறினாலும் இறங்கினாலும் நொதியங்களில் ஒன்று ஓங்கி மற்றொன்று அடங்கும். பியரின் உடம்பும் இனிப்பும் மாறிப்போகும். பெரிய ஆலைகளில் இதற்கு நீராவிச் சட்டையணிந்த செம்புக் கொப்பரைகள் உண்டு. அமெரிக்க வீட்டுக் காய்ச்சுநர்கள் கண்டுபிடித்தது உல்லாசப் பயணத்துக்குக் கொண்டுபோகும் ஐஸ் பெட்டி. குளிரை உள்ளே வைத்திருக்கும் சுவர் வெப்பத்தையும் உள்ளே வைத்திருக்கும் என்பது சொன்னபின் எளிதாகத்தான் இருக்கிறது. நன்றாக மூடிய பெட்டியில் ஒரு மணிநேரத்தில் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் இறங்குவதில்லை. அடுப்பு வேண்டாம், அடிபிடிக்காது, பக்கத்தில் நின்று கிண்டவும் வேண்டாம்.

அடுத்தது வடிப்பு. நாலைந்து கிலோ உடைத்த தானியம் கூழாகக் கிடக்கிறது. அதிலிருந்து சாறு மட்டும் தெளிந்து வெளியே வர வேண்டும். ஐஸ் பெட்டியின் அடியில் இருக்கும் நீர்வெளியேற்றும் துளையில் ஒரு வால்வைப் பொருத்தியாயிற்று. அதன் உட்புறத்தில் எதை வைப்பது? தண்ணீர்க் குழாயையும் கழிவறைத் தொட்டியையும் இணைக்கும் நெகிழ்குழாய் ஒன்று கடைகளில் கிடைக்கும். வெளியே எவர்சில்வர் கம்பிப் பின்னல், உள்ளே ரப்பர் குழாய். இரண்டு முனைகளையும் அறுத்து, உள்ளே இருக்கும் ரப்பரை உருவி எறிந்துவிட்டு, வெறும் பின்னலை மட்டும் வால்வோடு இணைத்து மறுமுனையை மடக்கிவிட்டால் வடிப்பான் தயார். குழாய்க் கடையில் நூறு முறை பார்த்த பொருளின் பயனுள்ள பகுதி அதன் உறைதான் என்று முதலில் கண்டவர் யாரோ, அவர்மேல் எங்களுக்குப் பெரிய மரியாதை உண்டு.

இதற்கும் முன்னால் வாளிகள் இருந்தன. சார்லி பப்பாசியன் என்பவர் அணுப்பொறியியல் படித்துவிட்டு, கொலராடோவின் போல்டர் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். மாலை நேரங்களில் அக்கம்பக்கத்தாருக்குப் பியர் காய்ச்சக் கற்றுக்கொடுத்தார். 1978இல் நண்பர் ஒருவரோடு சேர்ந்து அமெரிக்க வீட்டுக் காய்ச்சுநர் சங்கத்தைத் தொடங்கினார். 1984இல் வெளிவந்த அவருடைய நூல் அந்த நாட்டின் வீட்டுக் காய்ச்சுநர்கள் பலருக்கும் முதல் பாடநூல். அதில் அவர் விவரித்த வடிகலனுக்கு இரண்டு பிளாஸ்டிக் வாளிகள் போதும். உணவு அடைத்துவந்த வாளிகள். ஒன்றின் அடியில் சிறு சிறு துளைகளாக நூற்றுக்கணக்கில் இட்டு, மற்றொன்றுக்குள் செருகிவிட வேண்டும். புட்டுக்குழலின் அடியில் இடும் சில்லை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

இங்கேதான் எங்கள் வாதத்தின் மையம் இருக்கிறது. ஆகவே சற்று நின்று சொல்கிறோம். துளையிட்ட வாளியை முதன்முதலில் பார்க்கும் எவரும் அந்தத் துளைகள்தாம் வடிகட்டுகின்றன என்றே நினைப்பார்கள். அப்படியானால் துளைகள் எவ்வளவு சிறிதாக இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது அல்லவா? செய்துபார்ப்பவருக்கு வேறொன்று தெரியவரும். முதலில் வரும் சாறு கலங்கலாக இருக்கிறது. அதை எடுத்து மேலேயே மெதுவாக ஊற்றுகிறார். மறுபடி வருவது சற்றுத் தெளிவு. இன்னும் ஒரு முறை. சிறிது நேரத்தில் கண்ணாடியாக ஓடத் தொடங்குகிறது. துளைகள் மாறவில்லை. மாறியது தானியத்தின் உமி. அது படிந்து படுகையாகி, தானே சல்லடையாகிவிட்டது. துளைகளின் வேலை அந்த உமிப் படுகையைத் தாங்கிப் பிடிப்பது மட்டுமே. பார்லியை ஏன் மாவாக அரைக்காமல் உமி முழுதாக இருக்கும்படி உடைக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் விளங்கும். வால்வை அவசரப்பட்டு முழுக்கத் திறந்தால் படுகை இறுகி அடைத்துக்கொள்ளும். ஒரு சொட்டு வராது. பொறுமை ஒரு நற்குணம் என்று பாட்டி சொன்னதற்கும், இறுகிய படுகைக்குள் நீர் புகாது என்று வாளி சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. வாளி சொன்னது மறப்பதில்லை.

இதே அறிவை ஒரு நூலில் அரைப்பக்கத்தில் படித்துவிடலாம். நாங்களே இப்போது ஒரு பத்தியில் சொல்லிவிட்டோம். ஆனால் துளையிட்டவருக்கு அது விடையாக வருகிறது. படித்தவருக்குத் தகவலாக வருகிறது. மூடிய எந்திரத்தை வாங்கியவருக்கோ அந்தக் கேள்வியே எழுவதில்லை.

ஆற்றும் கருவியும் இப்படித்தான். 19 லிட்டர் கொதிநீர் தானாக ஆற இரவு முழுதும் ஆகும். அதற்குள் காற்றில் உலவும் கிருமிகள் குடியேறிவிடும். 15 மீட்டர் செம்புக் குழாயை ஒரு பானையைச் சுற்றி வளைத்துச் சுருளாக்கி, கொதிக்கும் சாற்றிலேயே கடைசிக் கால்மணிநேரம் முக்கிவைத்து, பிறகு உள்ளே குளிர்ந்த நீரை ஓடவிட்டால், அரைமணி நேரத்துக்குள் காரியம் முடிந்துவிடும். கடைசிக் கால்மணிநேரம் ஏன் என்றால், சுருளைத் தனியாகக் கிருமிநீக்கம் செய்ய வேண்டியதில்லை. நொதிக்கும் வாளியைக் குளிர்வாக வைக்க, தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, பழைய பனியனை ஈரமாகச் சுற்றி, மின்விசிறியைத் திருப்பிவிடுகிறார்கள். கோடையில் மண்பானை எப்படிக் குளிர்கிறது என்று அறிந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஈஸ்ட் வளர்க்க ஓயாமல் கலக்கிக்கொண்டிருக்கும் கருவி வேண்டுமென்றால், பழைய கணினியின் விசிறியில் பழைய வன்தட்டின் காந்தத்தை ஒட்டிவிடுகிறார்கள். ஆய்வகக் கருவி விற்பவர்கள் இதைக் கண்டு சிரித்திருக்கலாம். வாங்கியிருக்க மாட்டார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

இவ்வளவும் ஏன் நடந்தது? கருவி விற்கக் கடை இல்லாததால். ஏன் இல்லை? சட்டம். அமெரிக்காவில் 1920இல் வந்த மதுவிலக்கு 1933இல் நீங்கியபோது, வீட்டில் வைன் செய்துகொள்ளச் சட்டத்தில் இடம் இருந்தது, பியருக்கு இல்லை. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் கூட்டரசு அளவில் அந்தத் தடையை நீக்கியது. வயதுவந்த ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ உள்ள வீட்டுக்கு 200 காலன். மாநிலங்களில் அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை தடையை வைத்திருந்தன. பிரிட்டனில் 1963 வரை வீட்டில் காய்ச்ச உரிமம் வேண்டும். சட்டம் ஒன்றை மறுக்கும்போது சந்தையும் அதை மறுக்கிறது. எஞ்சுவது பழைய இரும்புக் கடை.

அந்தப் பழைய இரும்பிலிருந்து எழுந்தவைதாம் அமெரிக்காவின் சிறு பியர் ஆலைகள். ஜாக் மெக்காலிஃப் கடற்படையில் பணியாற்றியபோது ஸ்காட்லாந்தில் இருந்தவர். அங்கே குடித்த பியரின் சுவை நாவை விட்டுப் போகவில்லை. 1976இல் கலிஃபோர்னியாவின் சோனோமாவில் நியூ ஆல்பியன் என்ற சிற்றாலையைத் தொடங்கினார். அவ்வளவு சிறிய ஆலைக்கு ஏற்ற கருவிகளை அப்போது அமெரிக்காவில் எவரும் செய்யவில்லை. கோகோ கோலா பாகு வந்த உருளைகளை வாங்கித் தாமே பற்றவைத்துக் கொப்பரைகளாக மாற்றிக்கொண்டார். ஆலை 1982இல் மூடப்பட்டது. ஆனால் அதைப் போய்ப் பார்த்து வந்தவர்கள் இருந்தார்கள். சீக்கோ நகரில் வீட்டுக் காய்ச்சுநர்களுக்கான சிறு கடை வைத்திருந்த கென் கிராஸ்மன் அவர்களில் ஒருவர். பற்றவைப்புக் கலையைக் கல்லூரி வகுப்பில் பயின்று, பால்பண்ணைகள் கழித்துக்கட்டிய எவர்சில்வர் தொட்டிகளைச் சேகரித்து, சியரா நெவாடா ஆலையைக் கட்டினார். 1980 நவம்பரில் முதல் காய்ச்சல். இன்று அது நாட்டின் பெரிய ஆலைகளில் ஒன்று. கிராஸ்மன் சிக்கனத்துக்காகப் பால்தொட்டியை வாங்கினார் என்று சொன்னால் அது உண்மைதான். ஆனால் முழு உண்மை அன்று. பால்தொட்டியைப் பியர்த்தொட்டியாக்க, இரண்டு திரவங்களும் எப்படி நடந்துகொள்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும்.

இதை அமெரிக்கக் கராஜ்களின் சாகசமாக மட்டும் சுருக்கிவிட எங்களுக்கு விருப்பமில்லை. அந்தக் கராஜ்களுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வடக்கு ஐரோப்பியப் பண்ணை வீடுகளில் இந்தக் கருவிகள் எல்லாம் செய்யப்பட்டுவிட்டன. ஃபின்லாந்தில் சாஹ்தி என்றொரு பியர் உண்டு. 2002 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அதன் மரபுவழிச் செய்முறைக்குப் பாதுகாப்பு அளித்திருக்கிறது. அதை வடிக்கும் கலத்துக்குக் கூர்னா என்று பெயர். ஒரு மரத்தண்டை நீளவாக்கில் குடைந்து தொட்டியாக்கி, அடியில் ஜூனிப்பர் மரக்கிளைகளைப் பரப்பி, அதன்மேல் ஊறலை ஊற்றுகிறார்கள். பப்பாசியனின் வாளி செய்யும் அதே வேலை. ஜூனிப்பர் தன் மணத்தையும் சேர்த்துக் கொடுக்கிறது. உலோகக் கொப்பரை அரிதாக இருந்த இடங்களில் மரப்பாத்திரத்தில்தான் காய்ச்ச வேண்டும். மரத்தை நெருப்பில் வைக்க முடியாது. ஆகவே கற்களை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி உள்ளே போட்டார்கள்.

எங்களை மிகவும் கவர்ந்தது நார்வேப் பண்ணைகளின் ஈஸ்ட் வளையம். பியர் நொதித்து முடியும்போது மரத்தால் செய்த வளையம் ஒன்றை அதில் முக்கி எடுத்து, காயவைத்துத் தொங்கவிடுவார்கள். சில ஊர்களில் வளையத்துக்குப் பதில் குழிகள் குடைந்த கட்டை. மேற்பரப்பு எவ்வளவு சிக்கலாக இருக்கிறதோ அவ்வளவு ஈஸ்ட் ஒட்டிக்கொள்ளும். அடுத்த காய்ச்சலுக்கு அந்தக் கட்டையைச் சாற்றில் இட்டால் போதும். குவைக் என்று அவர்கள் அழைக்கும் இந்தக் குடும்ப ஈஸ்ட்டுகள் தலைமுறை தலைமுறையாக இப்படிக் கைமாறி வந்தவை. சாதாரண ஏல் ஈஸ்ட் 20 டிகிரியை ஒட்டி வேலைசெய்யும்போது, இவற்றில் பல 35 டிகிரிக்கு மேலும் குறையின்றி நொதிக்கின்றன. உலகின் ஆய்வகங்கள் அவற்றைக் கவனிக்கத் தொடங்கியது கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில்தான். லார்ஸ் மாரியுஸ் கார்ஷோல் என்ற நார்வேக்காரர், தொழிலால் கணினி வல்லுநர், பண்ணை பண்ணையாகப் போய்ப் பதிவுசெய்து 2020இல் நூலாக்கியிருக்கிறார். நுண்ணுயிர் என்ற ஒன்று இருப்பதே தெரியாத மக்கள் அதற்கு வீடு கட்டி வைத்திருந்தார்கள் என்பது எங்களுக்கு ஒரு காவியச் செய்தியாகவே படுகிறது.

இந்தப் பண்ணைகளில் பல இடங்களில் காய்ச்சியவர்கள் பெண்கள். ரொட்டி சுடுவதைப் போல அது வீட்டு வேலை. அமெரிக்கக் கராஜில் அது ஆண்களின் வேலையாக மாறியபோது கருவியின் இயல்பும் மாறியது என்று நாங்கள் கருதுகிறோம். வாளி போய் எவர்சில்வர் வந்தது. ஆலைகளின் 58 லிட்டர் பீப்பாயின் தலையை அறுத்துக் கொப்பரையாக்கினார்கள். பின்னர் மூன்று பீப்பாய்களை மூன்று அடுக்கில் நிறுத்தும் இரும்புச் சட்டம், பின்னர் மின்மோட்டார்கள், பின்னர் வெப்பத்தைப் பத்தில் ஒரு டிகிரிக்குக் காட்டும் மின்னணுப் பெட்டிகள். சொந்தக் கையால் செய்தது என்ற பெருமை அப்படியே இருந்தது. ஆனால் எந்தக் கேள்விக்கு அந்தக் கருவி விடை என்பது மங்கிப்போனது. ஆயிரக்கணக்கான டாலர் செலவில் எழுப்பிய அந்தக் கோபுரங்களைப் புகைப்படங்களில் பார்க்கும்போது, அங்கே காய்ச்சப்படுவது பியரா, பீடமா என்ற ஐயம் எங்களுக்கு எழுவதுண்டு. தானே செய்தது என்பதாலேயே ஒரு கருவி மேன்மை பெற்றுவிடாது. கடையில் வாங்கிய மோகத்தைக் காட்டிலும் கையால் செய்த மோகம் எந்த வகையிலும் உயர்ந்ததில்லை.

இதற்கு ஒரு மறுமொழி 2000களின் நடுவில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அங்குள்ள வீட்டுக் காய்ச்சுநர்கள் சிலர் ஜன்னல் திரைக்குப் பயன்படும் மெல்லிய சல்லாத் துணியில் பெரிய பை தைத்தார்கள். பையைக் கொதிகலனுக்குள் விரித்து, மால்ட்டைக் கொட்டி, ஒரு மணிநேரம் ஊறவிட்டு, பையைத் தூக்கிப் பிழிந்துவிட்டு, அதே கலனை அடுப்பில் ஏற்றிவிட்டார்கள். மூன்று பாத்திரங்கள் ஒன்றாயின. ஊறல் பெட்டி, வடிகலன், மோட்டார் எல்லாம் தேவையற்றுப் போயின. சாறு சற்றுக் கலங்கலாகத்தான் வரும். கொதிப்பிலும் நொதிப்பிலும் அது பெரும்பாலும் அடங்கிவிடும். தெளிவான வடிப்பு எவ்வளவு தேவை, எங்கே அது வெறும் பழக்கம் என்று தெரிந்தவர்களால்தான் இதைச் செய்திருக்க முடியும். படிகளை முழுதாக அறிந்தவருக்கே படிகளைக் குறைக்கும் துணிவு வரும். தையல் எந்திரம் மீண்டும் பியர் காய்ச்சும் கருவிகளில் ஒன்றானதில் எங்களுக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சியும் உண்டு.

இனி மறுப்புகள். கடையில் வாங்குவதே இப்போது மலிவு என்பார்கள். பெரும்பாலும் உண்மை, செம்பு விற்கும் விலையில் சுருள் செய்வது ஆதாயமில்லை. எல்லோருக்கும் டிரில்லிங் மெஷின் பிடிக்க நேரமில்லை என்பார்கள். அதுவும் சரியே. ஆபத்து என்பார்கள், இதை மட்டும் லேசாகக் கடந்துபோக முடியாது. ஈயம் கலந்த பற்றாசில் இணைத்த குழாய் விஷம். உணவுக்கென்று செய்யப்படாத பிளாஸ்டிக் வாளியில் வெந்நீர் ஊற்றக்கூடாது. அழுத்தத்தை வெளியேற்றாமல் பீப்பாயைத் திறக்க முயன்றால் மூடித்தண்டு குண்டுபோலப் பாயும். மூடிய அறைக்குள் எரிவாயு அடுப்பை எரித்தால் கார்பன் மோனாக்சைடு ஓசையின்றிக் கொல்லும். பீப்பாயைப் பற்றி இன்னொன்றும் உண்டு. அதற்குக் கடையில் கட்டும் முன்பணம் அதன் விலையில் ஒரு பகுதிதான். பீப்பாய் ஆலைக்குச் சொந்தம். முன்பணத்தை விட்டுக்கொடுத்தேன், ஆகவே அறுத்தேன் என்பது வாங்கியதாகாது. திருட்டுதான்.

இந்த ஆபத்துகளை ஒத்துக்கொண்ட பின்னும் எங்கள் கருத்து மாறவில்லை. எல்லோரும் எல்லாவற்றையும் செய்துகொள்ள வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு கருவியாவது செய்துகொண்டவர் மற்றவற்றை வாங்கும்போது என்ன வாங்குகிறோம் என்று அறிந்திருப்பார். உடைந்தால் எங்கே உடைந்தது என்று தெரியும். பிகோப்ரூ எந்திரங்களை மீட்டவர்கள் அப்படிப்பட்டவர்கள். அவர்கள் எழுதிய நிரல் இல்லையென்றால், தங்கள் மேடையில் இருக்கும் பாத்திரம் தங்களுக்கு எவ்வளவு சொந்தம் என்ற கேள்விக்கு மற்ற உரிமையாளர்களிடம் விடை இருந்திருக்காது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி, உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். அளவு சிறிது, சொந்தக் குடிக்கு என்பதெல்லாம் விலக்காகாது. ஆகவே இதை எவரும் வழிகாட்டியாகக் கொள்ள வேண்டாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்த கொடுமை நம் நினைவில் இருக்கிறது. அவர்களைக் கொன்றது சாராயத்தில் கலந்த மெத்தனால். அது தொழிற்சாலைச் சரக்கு. தானியத்தை ஊறவைத்து ஈஸ்ட்டால் நொதிக்கவிடுவதில் அப்படிக் கொல்லும் அளவில் தோன்றுவதில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்வதால் மதுவுக்கு ஆதரவு தேடுகிறோம் என்று கொள்ள வேண்டாம். எது எங்கிருந்து வந்தது என்று தெரியாத இடத்தில்தான் விஷம் எளிதாகக் கலக்கிறது.

இந்த அறிவு நம்மிடமும் எழுத்தில் இருந்திருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் சொல்லும் பகுதியில், வீட்டில் அரிசிக் கள் ஆக்கும் முறை சில அடிகளில் வருகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவுகிறார்கள். அகன்ற வாயுடைய பிழாவில் கொட்டி ஆறவிடுகிறார்கள். புற்றுக்குள் இருக்கும் குரும்பியைப் போன்ற தோற்றமுள்ள அடையைச் சேர்த்துப் பிசைகிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய வலிய வாயையுடைய சாடியில் முற்றவிட்டு, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். சமைப்பது, ஆற்றுவது, நொதிக்க இடுவது, வடிப்பது என்று படிகள் ஒன்றும் விடுபடவில்லை. ஆற்றும் பாத்திரத்தின் வாயும் நொதிக்கும் பாத்திரத்தின் வாயும் வேறு வேறு என்பதையும் புலவர் விடவில்லை. ஆற வேண்டியது அகன்று கிடக்க வேண்டும்; நொதிக்க வேண்டியது இறுகிய வாய்க்குள் அடங்கியிருக்க வேண்டும். பாணன் ஒருவன் மற்றொரு பாணனுக்கு வழிசொல்வதாக அமைந்த பாட்டு அது. பரிசில் பெறப் போகிறவனுக்கு அந்த வீட்டில் கள் கிடைக்கும் என்று சொன்னால் போதாதா? சாடி வரைக்கும் சொல்கிறார். அந்த இரண்டு நாள் கணக்கைப் படித்தபோது எங்களில் ஒருவர் கார்ஷோலின் நூலை எடுத்துப் புரட்டினார். வெதுவெதுப்பான சாற்றில் குவைக் இட்ட நார்வேப் பண்ணைகள் பலவற்றிலும் பியர் குடிக்கத் தயாராக எடுத்துக்கொண்டது ஏறத்தாழ அதே இரண்டு நாள்.